மரகதத்தின் பதினோரு குழாய்கள்

உக்காருங்க எஞ்சினீயரம்மா. அந்தப் பெஞ்சுல வேண்டாம், பெயிண்டு இன்னும் காயல. நேத்து சாயங்காலம் நான்தான் அடிச்சேன். இங்க வாங்க, நெழல் இருக்கு. டீ சொல்லவா? வேண்டாமா. சரி.

வாச்மேன் போன்ல இருந்து உங்களைக் கூப்பிட்டது நான்தான். நேத்து நீங்க ஒரு காயிதத்தை வச்சுக்கிட்டு, "இந்த எஞ்சினோட பாய்லர்ல முன்ன ஏதும் பழுது இருந்ததா?"ன்னு கேட்டீங்க. "அந்த ஒரு குழாய் உடைஞ்சதுதான், வேற ஒண்ணும் கெடையாது"ன்னு சொன்னேன். நீங்களும் எழுதிக்கிட்டீங்க. அது தப்பு. முழுத் தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா தப்புதான். இருங்க, மொதல்ல இருந்து சொல்லுதேன். நடுவுல இருந்து சொன்னா என்னைத் தப்பா நெனைச்சிருவீங்க.

இந்தா நிக்குற எஞ்சின், இவ பேரு போர்டுல மார்கரெட்னு எழுதியிருக்குல்லா? யாரோ வெள்ளைக்கார மேனேஜரு பொண்டாட்டி பேராம். எங்க ஆளுக வாயில அது நுழையல. மார்கரட்டு, மரகட்டுன்னு ஆகி, கடைசியில மரகதம்னு நின்னுபோச்சு. நான் அம்பத்தேழுல வேலைக்குச் சேரும்போதே மரகதம்தான். எனக்கு அப்பம் பதினேழு வயசு. சாம்பல் அள்ளுற வேலை. அதுக்குப் பொறவு கரி போடுற ஃபயர்மேன். அறுபத்தொம்பதுல டிரைவர். டிரைவர் பரமார்த்தலிங்கம்னா இந்த ஆலையில தெரியாதவன் கெடையாது.

பெரிய ரயிலு ஓட்டுறவனுவ எங்களைப் பாத்துச் சிரிப்பானுவ. "ஆலை எஞ்சினு, ஆறு மைலு ஓட்டுறவன்"ம்பானுவ. ஆறு மைலுதான். குவாரியில இருந்து சுண்ணாம்புக்கல்லு ஏத்திக்கிட்டு ஆலைக்கு வரணும். பன்னெண்டு வேகன், ஒரு நாளைக்கு நாலு நடை. ஓடைப்பாலம் தாண்டினதும் ஒரு ஏத்தம். அந்த ஏத்தத்துல ஒரு பெரிய ரயிலுக்காரனை இவளை ஓட்டச் சொல்லுங்க பாப்போம். நின்னுருவான். நான் ஒரு நாளும் நின்னதில்ல. இல்ல, ஒரு நாள் நின்னேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

எனக்கு ஒரு மக. தங்கபுஷ்பம். அவ அம்மை சாகும்போது அவளுக்குப் பத்து வயசு. பள்ளிக்கொடம் விட்டு நேரே எஞ்சின் ஷெட்டுக்குத்தான் வருவா. தூக்குச்சட்டியில சோறு கொண்டாருவா. நான் திங்கிறவரைக்கும் அந்தப் படிக்கட்டுல, அந்தா தெரியுதுல்லா, அதுல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. நானே வளத்தேன். வேற கலியாணம் கட்டிக்கிடல.

கொம்பையா குவாரியில கல்லு ஏத்திக்கிட்டிருந்த பய. அவன் கை ஓடுறதைப் பாத்துட்டு நான்தான் ஃபோர்மேன்கிட்டச் சொல்லி எஞ்சினுக்கு எடுத்தேன். கரி போடுறதுன்னா சும்மா அள்ளி எறியிறது இல்லம்மா. எங்க தீ மெலிஞ்சிருக்கோ அங்க விழணும். அவன் ஆறே மாசத்துல படிச்சுக்கிட்டான். அதிகம் பேச மாட்டான். சிரிச்சா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பான். எம்பத்திநாலுல புஷ்பத்தை அவனுக்குக் கட்டிக் குடுத்தேன். என் குவார்ட்டர்ஸ்லதான் மூணு பேரும் இருந்தோம். ராத்திரிச் சாப்பாட்டுல தட்டு, டம்ளர், கரண்டியெல்லாம் வச்சு, "இது பாய்லர், இது ரெகுலேட்டர், இது புளோயர்"னு அவளுக்குப் பாடம் நடத்துவான். அவளும் கேப்பா. டிரைவர் மகளுக்கு ஃபயர்மேன் பாடம் நடத்துதானேன்னு நான் கேலி பண்ணுவேன். மறுவருஷம் ஒரு பொட்டப்புள்ள பொறந்தது.

நல்லாத்தான் இருந்தோம்.

எம்பத்தாறுல டீசல் எஞ்சின் வந்தது. இங்க மொத்தம் மூணு நீராவி எஞ்சின். மத்த ரெண்டையும் பழைய இரும்புக்கு வித்தானுவ. ஷெட்டுக்குப் பின்னாலயே கேஸ் வச்சு அறுத்தானுவ. மொத நாளு நின்னு பாத்தேன், பொறவு மூணு நாளு லீவு போட்டுட்டு வீட்டுல படுத்துக் கெடந்தேன். ஃபோர்மேன் மஸ்கரேனாஸ் வீட்டுக்கே வந்து சொன்னாரு: "லிங்கம், ரெண்டு வருஷத்துல கன்வேயர் பெல்ட்டு வந்துரும். அதுவரைக்கும் மரகதம் ஓடினா ஓடட்டும்னு மேல சொல்லிட்டாங்க. ஆனா பெருசா ஒரு பழுது வந்தா ஒரு ரூபா செலவழிக்க மாட்டாங்க. நேரே அறுப்புதான். பாத்துக்கோ."

பாத்துக்கோன்னு சொன்னாரும்மா. நான் பாத்துக்கிட்டேன்.

மொதக் குழாய் கசிஞ்சதைக் கண்டுபிடிச்சது கொம்பையாதான். உங்களுக்குத் தெரியாததில்ல, அடுப்புல இருந்து தீயும் புகையும் போறதுக்கு நூத்திச் சொச்சம் குழாய் இருக்கு. குழாயைச் சுத்தித் தண்ணி நிக்கும். குழாய் தேஞ்சு ஓட்டை விழுந்தா தண்ணி அடுப்புக்குள்ள வரும். காலையில அடுப்பைச் சுத்தம் பண்ணும்போது அவன் குனிஞ்சு பாத்துட்டு, "மாமா, அடி வரிசையில ஒரு குழாய் வாயி ஈரமா இருக்கு"ன்னான்.

நான் விளக்கை வாங்கிப் பாத்தேன். ஈரந்தான். உப்புப் பூத்திருந்தது.

ஞாயித்துக்கெழமை யாரும் இல்லாத நேரத்துல நானும் அவனும் வந்து, குழாய் வாயை விரிச்சுவிடுற கருவியை உள்ள குடுத்து, இறுக்கிவிட்டோம். அவன் விளக்குப் பிடிச்சான். நின்னுபோச்சு. இருபது நாளு கழிச்சுப் பக்கத்துக் குழாய். அதையும் இறுக்கினேன். பொறவு மூணாவது. இப்படி நாலு மாசத்துல பதினோரு குழாய். எது எதுன்னு இப்பமும் என்னால தொட்டுக் காட்ட முடியும். அந்த மாதிரி ஒரு கைவேலையை இன்னைக்கு எந்தப் பட்டறையிலயும் பாக்க முடியாதும்மா. வெளிய இருந்து பாத்தா ஒருத்தனுக்கும் தெரியாது.

அஞ்சாவது குழாய்க்கே கொம்பையா சொன்னான்: "மாமா, பட்டறைப் புத்தகத்துல எழுதிருவோம். எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்குடே பயம்? முப்பது வருஷமா இவகூட இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"எனக்காகச் சொல்லல மாமா. நீங்களுந்தான நிக்கீய."

"எழுதினா நாளைக்கே அறுத்துருவானுவ. நீ அறுக்குறதைப் பாத்தியா? நான் பாத்தேன்."

ஒம்பதாவது குழாய்க்குத் திரும்பவும் கேட்டான். அப்பம் எனக்குக் கோவம் வந்துட்டு. "டிரைவர் நீயா, நானா?"ன்னேன். அதுக்குப் பொறவு அவன் கேக்கல. வருவான், விளக்குப் பிடிப்பான், போவான்.

பட்டறைப் புத்தகத்துல தெனமும் சாயங்காலம் டிரைவர் எழுதிக் கையெழுத்துப் போடணும். "பழுது இல்லை." நாலு மாசமும் எழுதினேன். என் கையெழுத்து அழகா இருக்கும். அந்தப் புத்தகம் இப்பம் எங்க இருக்கோ.

எம்பத்தேழு பங்குனி. வெள்ளிக்கெழமை. ரெண்டாவது நடை. பன்னெண்டு வேகனும் நெறைய கல்லு. ஓடைப்பாலம் தாண்டி ஏத்தத்துல போறோம். நான் தலையை வெளிய நீட்டிப் பாதையைப் பாத்துக்கிட்டிருக்கேன். பின்னால கொம்பையா புளோயரைத் திருகினான். அது உஸ்ஸுன்னு ஒரு சத்தம் குடுக்கும், உங்களுக்குத் தெரியும். அடுப்புக் கதவைத் தொறக்குறதுக்கு முன்ன அதைப் போட்டாத்தான் தீ நம்ம பக்கம் திரும்பாம புகைக்கூண்டு வழியாப் போகும். அவன் ஒரு நாளும் அதை மறந்ததில்ல. சத்தத்தை நான் கேட்டேன். பொறவு கதவைத் தொறந்தான்.

டமார்னு ஒரு சத்தம்.

அடுப்புக் கதவு வழியா வெள்ளையா ஆவி. ஒண்ணும் தெரியல. என் இடது கை வெந்துபோச்சு, இந்தா பாருங்க, தோலு இன்னும் பளபளன்னு இருக்கும். நான் என்ன செஞ்சேன்? ஆவியை விடுற ரெகுலேட்டரை மூடினேன். பிரேக்கு போட்டேன். ரெண்டு இன்ஜெக்டரையும் தொறந்து பாய்லருக்குள்ள தண்ணியை விட்டேன். தண்ணி எறங்கிட்டா அடுப்போட மேல்தகடு காஞ்சு வளைஞ்சுபோயிரும், எஞ்சின் அதோட முடிஞ்சது. தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடியைப் பாத்தேன். தண்ணி நிக்குதுன்னு தெரிஞ்ச பொறவுதான் எறங்கினேன். ரெண்டு நிமிஷம் இருக்கும். மூணுகூட இருக்கும். எந்த டிரைவரா இருந்தாலும் அதைத்தான் செய்வான். நீங்க சொல்லுங்க, நீங்க படிச்சவங்க. அதைத்தான செய்யணும்?

கொம்பையா கீழ ஜல்லியில கெடந்தான். அவன் என்னைக் கூப்பிட்டானாம். ஓடையில மாடு மேச்சுக்கிட்டிருந்த பொம்பளை பொறவு ஊருக்குள்ள சொல்லியிருக்கா. "மாமா, மாமான்னு கத்துனான், அவரு எறங்கவே இல்ல"ன்னு. எனக்குக் கேக்கல. அம்புட்டு ஆவிச் சத்தத்துல எப்படிக் கேக்கும்? சத்தியமாக் கேக்கல.

ஒம்பது நாளு பெரியாஸ்பத்திரியில கெடந்தான். வாழை எலையில படுக்கப் போட்டிருந்தாவ. புஷ்பம் கைப்புள்ளையை அடுத்த வீட்டுல விட்டுட்டு, ராவும் பகலும் அங்கதான். நான் நாலாவது நாளு போனேன். முன்னமே போயிருப்பேன், எஞ்சினை ஷெட்டுக்கு இழுத்துட்டு வர்ற வேலை இருந்தது. அவன் மூஞ்சியில வாயும் ஒரு கண்ணுந்தான் தெரிஞ்சது. நான் போனதும் புஷ்பம் எந்திரிச்சு வெளிய போயிட்டா. அவன் மெதுவாச் சொன்னான்: "மாமா, நான் யார்கிட்டயும் சொல்லல."

பாத்துக்கிடுங்க. அந்த நெலமையிலயும் மரகதத்தைக் காட்டிக் குடுக்கலம்மா அவன். அவனுக்கும் இவ மேல அம்புட்டுப் பிரியம்.

அவன் செத்த அஞ்சாம் நாளு விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூணு ஆபீசருங்க. புத்தகத்தைப் புரட்டிப் பாத்தாங்க. எல்லாத் தேதியிலயும் பழுது இல்லை, பழுது இல்லை. "முன்னாடியே கசிவு ஏதும் இருந்ததா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அப்பம் ஒருத்தர் கேட்டாரு, "ஃபயர்மேன் கதவைத் தொறக்குறதுக்கு முன்ன புளோயரைப் போட்டாரா?"

நான் யோசிச்சுத்தான் பதில் சொன்னேன். அது நெசம். போட்டான்னு சொன்னா, அப்பம் எதனாலன்னு தோண்டுவாங்க. தோண்டினா மத்த குழாயெல்லாம் வெளிய வரும். எஞ்சின் அபாயம்னு எழுதுவாங்க. அன்னைக்கே அறுப்பு. போனவன் போயிட்டான். அவனுக்கு இனி என்ன ஆகப்போகுது? அவனே யார்கிட்டயும் சொல்லலையே.

"போடலைங்க"ன்னு சொன்னேன்.

ஒரு குழாய் திடீர்னு உடைஞ்சது, ஃபயர்மேன் கவனக்குறைவால உசுர்ச் சேதம். அப்படி எழுதிக் கையெழுத்து வாங்கினாங்க. நீங்க கையில வச்சிருக்கீங்களே, அந்த ரிப்போர்ட்டுதான்.

அன்னைக்குச் சாயங்காலம் புஷ்பம் என் முன்னால வந்து நின்னா. புள்ளை இடுப்புல. "அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அவிய புளோயர் போட்டாவளா, போடலையா?"

"போடலம்மா"ன்னேன்.

அவ உள்ள போயி சோறு வடிச்சா. ரசம் வச்சா. எனக்குத் தட்டுல போட்டு மூடி வச்சா. ஒரு பெட்டியையும் புள்ளையையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. சண்டையே போடல. சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், அவளும் நாலு வார்த்தை சொல்லியிருப்பா, முடிஞ்சிருக்கும். கடம்பூர்ல அவ மாமியா வீடு. அங்கேயே ஒரு பள்ளிக்கொடத்துல சத்துணவு வேலை கெடைச்சுது. முப்பத்திரெண்டு வருஷம் ஆச்சு. பேத்தி கலியாணத்துக்குத் தபால்ல பத்திரிகை வந்தது. போனேன். பந்தியில உக்காந்து சாப்பிட்டேன். வந்தவங்க எல்லாரையும் வாங்கன்னு கேட்ட மாதிரி என்னையும் வாங்கன்னு கேட்டா. அம்புட்டுத்தான்.

அதுக்குப் பொறவு மரகதம் ஓடல. ஷெட்டுலயே நின்னா. ஆனா அறுக்க விடல நான். முதலாளிக்கு எழுதினேன், கலெக்டருக்கு எழுதினேன், பேப்பருக்கு எழுதினேன். மூணு வருஷம். கடைசியில இந்த மேடையைக் கட்டித் தூக்கி வச்சாங்க. எனக்குச் சால்வை போட்டாங்க. போர்டுல "கடைசி டிரைவர் பரமார்த்தலிங்கம்"னு என் பேரு இருக்கு. ஃபயர்மேன் பேரா? இல்ல, அது இல்ல. அந்த நேரத்துல யாருக்கும் தோணல. எனக்கும் தோணல. ரிட்டையர் ஆன பொறவும் வாரம் ரெண்டு தடவை வந்து எண்ணெய் போடுதேன், துரு சுரண்டுதேன், சக்கரத்துக்குப் பெயிண்டு அடிக்கேன். ஏணி ஏறாதீங்க தாத்தான்னு வாச்மேன் சத்தம் போடுவான்.

இப்பம் ஆலைக்கு எழுபத்தஞ்சாவது வருஷம், மரகதத்தைக் கீழ எறக்கித் தீ மூட்டி ஓட்டப்போறோம்னு திருச்சியில இருந்து நீங்க வந்து நின்னீங்க. நான் அழுதுட்டேன். நீங்களே பாத்தீங்க. அந்தச் சந்தோஷத்துலதான் ஒண்ணும் பழுதில்லன்னு சொல்லிட்டேன். நீங்களும், "அந்த ஒரு குழாயைத்தான் அப்பமே அடைச்சுட்டாங்களே, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும்"னீங்க. காயிதத்தை மடிச்சுப் பையில வச்சீங்க. அப்பம் நான் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்: "கரி போடுறதுக்கு இந்தக் காலத்துல ஆளு எங்க கெடைக்கும்?"

"நான்தான் போடப்போறேன் ஐயா, பழகியிருக்கேன்"னு சொல்லிட்டு, ஏறி அந்த எடத்துல நின்னு காட்டினீங்க. எடது காலை முன்ன வச்சு, வலது கை கதவுப் பிடியில.

அவன் நின்ன எடம்மா அது.



எழுதுங்க. அந்த ரிப்போர்ட்டு பொய்னு எழுதுங்க. பதினோரு குழாய். அடி வரிசையில ஏழு, அதுக்கு மேல நாலு. உடைஞ்சது அதுல ஒண்ணு. மத்த பத்தும் இன்னும் உள்ளதான் இருக்கு. டிரைவருக்குத் தெரியும். ஃபயர்மேன் ரெண்டு தடவை சொன்னான், டிரைவர் கேக்கல. புளோயர் போட்டிருந்தான். ஆமா, அதையும் எழுதுங்க. எல்லாத்துக்கும் கீழ நான் கையெழுத்துப் போடுதேன். இப்பம் எழுத்து கோணும், பரவாயில்ல.

ஒண்ணு கேக்கட்டாம்மா? மொத்தக் குழாயையும் மாத்திட்டா ஓடும்லா? விழாவுக்கு இல்லாட்டியும், பொறவு? சும்மா கேட்டேன். நீங்க எழுதுங்க.

என்ன கேட்டீங்க? மகளுக்குத் தெரியுமான்னா?

இன்னைக்குக் காலையில மொத பஸ்ஸுக்குப் போயிட்டு, அங்க இருந்துதான் நேரே இங்க வாரேன். உங்ககிட்டச் சொல்லுறதுக்கு முன்ன அவகிட்டச் சொல்லணும்னு தோணிச்சு. வேலைக்குப் போறதுக்கு சேலை கட்டிக்கிட்டு வாசல்ல நின்னா. தலை பூரா நரைச்சுட்டு. நின்னுக்கிட்டே சொன்னேன்: "புஷ்பம், கொம்பையா புளோயர் போட்டிருந்தான். நான்தான் பொய் சொன்னேன்."

அவ ஆச்சரியமே படல. "தெரியும்ப்பா"ன்னா. "ஒம்பது நாளும் அவிய எல்லாத்தையும் என்கிட்டச் சொன்னாவ. குழாய், விளக்கு, எல்லாம். மாமாவுக்கு வேலை போயிரும், ஜெயில்ல போட்டிருவாங்க, நீ வெளிய சொல்லிராதன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாவ. அதனாலதான் நான் சொல்லல. நீங்க சொல்லுவீயன்னு பாத்தேன்."

அவளே ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டா. "உக்காருங்க"ன்னா. உள்ள போயித் தண்ணி கொண்டாந்து குடுத்தா. முப்பத்திரெண்டு வருஷத்துல அவ கையால வாங்கிக் குடிச்ச மொதத் தண்ணி அது. பக்கத்துலயே படியில உக்காந்தா. முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டா. "இம்புட்டு நாளு கழிச்சு இப்பம் எப்படிப்பா சொல்லணும்னு தோணிச்சு?"ன்னு கேட்டா. நல்ல கொரல்லதான் கேட்டா. சின்னப்புள்ளையில கேக்குற மாதிரி.

எனக்கு மனசு லேசாயிட்டும்மா. அதனால எல்லாத்தையும் சொன்னேன். நீங்க வந்ததைச் சொன்னேன். மரகதத்தை ஓட்டப்போறாங்கன்னு சொன்னேன். "பழசையெல்லாம் சொல்லிட்டா, எஞ்சினீயரம்மா புதுக் குழாய் போட்டு அவளை நல்லாக்கிருவாங்க புஷ்பம். அவ ஓடுற அன்னைக்கு நீயும் வா. மொத வரிசையில ஒனக்கு எடம் போடச் சொல்லுதேன். நீயும் நானும் சேந்து பாப்போம்"னேன்.

சந்தோஷப்படுவான்னு நெனைச்சேன்.

அவ என் கையில இருந்த டம்ளரை வாங்கிக்கிட்டா. அதுல பாதித் தண்ணி இருந்தது, நான் இன்னும் குடிச்சு முடிக்கல. எந்திரிச்சு உள்ள கொண்டு போயி வச்சுட்டு, கதவைப் பூட்டிட்டு வந்தா. "வேலைக்கு நேரமாச்சு. பாத்துப் போங்க"ன்னு சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருவுல எறங்கிப் போயிட்டா.

நான் அந்த நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். வெளியதான கெடந்தது.

பாத்துப் போங்கன்னா, அக்கறையிலதான சொல்லுவாங்க? பொட்டப்புள்ளைக வழியனுப்பும்போது போயிட்டு வாங்கன்னுதான் சொல்லும், அதுதான் வழக்கம். அவசரத்துல மறந்திருப்பா. இல்லம்மா, மறந்துதான் இருப்பா.